பல்கலைக்கழக ஆராய்ச்சியால் கொங்கு நாட்டில் எதாவது மாறியிருக்கிறதா?

முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “உடல்நலம், சமூகம், பொறியியல், சுற்றுச்சூழல் என்று எல்லாத் துறையிலும் ‘பல்கலைக்கழக ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று தினம் ஒரு செய்தி வருகிறது. இவற்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா? எதை நம்புவது? நான் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். ராசிபுரம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கும் என் மாமா, ‘அதெல்லாம் பேப்பரோட சரி’ என்கிறார்.”

தம்பி, மாமா சொல்வதில் பாதி நிஜம். மீதிப் பாதி அவர் காட்டிலேயே இருக்கலாம். ரொம்பச் சின்னது என்பதால் அவர் கண்ணில் பட்டிருக்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேளாண்மை விரிவாக்க வேலையில் இருந்தவன். கோபி, சத்தி, உடுமலை, பொள்ளாச்சி என்று முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறேன். ஆராய்ச்சி செய்தது மற்றவர்கள். அவர்கள் கண்டதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தது எங்கள் வேலை. அங்கிருந்து பார்த்த எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். நம் மண்ணில், நம் தண்ணீரில், நம் ஆட்களிடம் அது சரிப்படுகிறதா என்று பார்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. அந்த மீதி நடந்த இடத்திலெல்லாம் கொங்கு நாடு மாறியிருக்கிறது.

ஒரு பூச்சியின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் கண்ணால் பார்த்தது அது.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. எப்படியோ கப்பலேறி வந்துவிட்டது. பேர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று ஒன்றையும் விடவில்லை. அடுத்த வருஷத்துக்குள் ஈரோடு, திருப்பூர், சேலம் வரைக்கும் பரவிவிட்டது.

அந்தச் சமயத்தில் கோபிக்குப் பக்கத்தில் ஒரு மல்பெரித் தோட்டத்துக்குப் போனேன். ஒன்றரை ஏக்கர், பட்டுப்புழு வளர்ப்பை நம்பி இருக்கும் குடும்பம். அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “ஏனுங்க சார், செடிக்கெல்லாம் நரை விழுந்தாப்பல இருக்குதுங்க. வந்து பாருங்க.” நுனித் தழையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. அந்தத் தேனுக்கு எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. கீழ்த் தழைகளில் கரும்பூசணம் படர்ந்து, அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது.

மருந்து எடுபடவில்லை. அந்த வெள்ளை மெழுகுப் பூச்சு மழைக்கோட்டு மாதிரி. மருந்து உள்ளே இறங்காது. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த நாலு நல்ல பூச்சிகள்தான் மருந்தில் செத்தன. மல்பெரியில் இன்னொரு சங்கடம்: மருந்தடித்த தழையைப் போட்டால் புழு செத்துப்போகும். “புழுவுக்குப் போடற தழைல மருந்தடிச்சுட்டு நான் எதுக்குங்க புழு வளக்கோணும்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் பல பேர் மல்பெரியைக் கல்லி எடுத்துவிட்டு வேறு வெள்ளாமைக்குப் போனார்கள்.

இந்தப் பூச்சி தன் சொந்த நாட்டில் ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை? அங்கே அதற்கென்றே பிறந்த எதிரிகள் இருந்தன. இங்கே அது தனியாக வந்து சேர்ந்தது. அப்படியென்றால் அந்த எதிரியைக் கூட்டி வந்தால் போதும். இதுதான் உயிரியல் கட்டுப்பாடு, சொல்வதற்கு எளிது. 2010-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அங்குள்ள மத்திய அரசின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தனிமைப்படுத்தி வைத்து, பட்டுப்புழுவுக்கோ தேனீக்கோ மற்ற நல்ல பூச்சிகளுக்கோ கேடு வருமா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விட்டது. அடுத்துப் பெருக்குகிற வேலை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும், வேளாண் அறிவியல் நிலையங்களும் அதை எடுத்துக்கொண்டன.

எப்படிப் பெருக்கினார்கள் தெரியுமா? உருளைக்கிழங்கு வைத்து. கிழங்கை இருட்டறையில் முளைவிட வைத்து, அந்த வெளுத்த முளைகளில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது நன்றாகப் பெருகினதும் கூண்டுக்குள் குளவியை விடுவார்கள். மூன்றிலும் நம் ஊரில் நன்றாக நின்றது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை போடும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்று, பழுப்பு நிறக் கூடாக ஆக்கி, ஓட்டை போட்டு வெளியே வரும்.

சின்னக் குப்பிகளில் அடைத்துத் தருவார்கள். பஸ்ஸில் வெயில் படாமல் ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, பூச்சி அப்பியிருக்கும் தழைக்குக் கீழே குப்பியைத் திறந்து சாய்த்துப் பிடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கஷ்டம் அதற்கப்புறம்: மருந்தடிக்காமல் பொறுத்திருங்கள் என்று விவசாயியை ஒத்துக்கொள்ள வைப்பது. வெள்ளை வெள்ளையாகப் பூச்சி கண்முன்னே நிற்க, ‘ஒன்றும் செய்யாதீங்க’ என்று சொல்லும் ஆளை யார் நம்புவார்கள்? அந்த அம்மா நம்பினார். சில வாரம் கழித்துப் போனபோது அவரே ஒரு தழையைப் பறித்து வந்து காட்டினார். மாவுப்பூச்சிகள் பாதிக்கு மேல் பழுப்பாகக் காய்ந்து, ஒவ்வொன்றிலும் ஊசி குத்தின மாதிரி வட்ட ஓட்டை. அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்தில் தேடித்தான் மாவுப்பூச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குளவிக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. யாரும் திரும்ப விடவும் தேவைப்படவில்லை, தானாகவே நிலைத்துவிட்டது.

இதே பாடம் 2016-ல் பொள்ளாச்சியில் திரும்ப வந்தது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, கீழோலையெல்லாம் கருப்படித்துப் போனது. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இதற்கு எதிரி. அது ஈயோடு கூடவே இங்கே வந்து சேர்ந்திருந்தது. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் சொன்னது: மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், குளவி ஏறிய ஓலைத் துண்டுகளை மற்ற மரங்களில் கட்டுங்கள், பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. வெள்ளை ஈ இன்னும் முழுசாகப் போகவில்லை. எல்லாக் கதையும் மல்பெரிக் கதை மாதிரி சுபமாக முடிவதில்லை. குளவி அடக்கிக் கொண்டுவரும் தோப்புக்குப் பக்கத்துத் தோப்பில் மருந்தடித்தால் குளவியும் சேர்ந்துதான் போகும்.

இனி திருப்பூருக்கு வருகிறேன். இங்கே எதிரி பூச்சி இல்லை, உப்பு.

என் மச்சினர் ஒரு சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு ஏன் வேண்டும் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டேன். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் வந்துவிடும். பருத்திக்குப் போடும் ‘ரியாக்டிவ்’ வகைச் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கி, சாயம் நூலோடு போய் ஒட்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்புகூடப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அரைக் கிலோவுக்கு 20 கிராம்தான் குறைவு. நீங்கள் போட்டிருக்கும் கறுப்பு டீ-சர்ட் ஐந்து சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அந்த ஐந்துக்கும் சேர்த்து அரைக் கிலோ உப்பு. சாயமாவது ஓரளவு துணியில் தங்கும். உப்பில் ஒரு பொட்டுகூடத் தங்காது. மொத்தமும் கழிவு நீரில்தான் போகும்.

நிறத்தையும் நாற்றத்தையும் எடுக்கச் சுத்திகரிப்பு முறைகள் முன்பே இருந்தன. தெளிந்த தண்ணீர் வெளியே வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டினாலும் போகாது. அது நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. கீழ்ப்பகுதிக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தால் சோப்பு நுரைக்காது; பாய்ச்சின காட்டில் வெயிலடித்ததும் வெள்ளைப் படலம் பூக்கும். அதே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் தோண்ட ஆரம்பித்து, கல்மணி செய்த பட்டறைகளையும் இரும்பு உருக்கிய உலைகளையும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் எடுத்த இடம். ஈராயிரம் வருஷத்துக்கும் முன்னால் தொழில் செய்து உலகத்துக்கு விற்ற கரை, நம் தலைமுறையில் குடிக்க முடியாத தண்ணீரைப் பார்த்தது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் உத்தரவு வந்தது. நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது. திருப்பூரே ஸ்தம்பித்தது. பொறியியல் ஆராய்ச்சி நிஜமாகவே பட்டறைக்குள் நுழைந்தது அப்போதுதான். தண்ணீரை அழுத்தத்தில் ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம், கெட்டியான உப்புநீர் மறுபக்கம். அந்த உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிப்பது அடுத்த கட்டம். விறகும் கரண்டும் தின்னும் வேலை. அங்கேதான் ஒரு நல்ல யோசனை வந்தது: சாயமேற்ற எப்படியும் உப்பு வேண்டுமே, அந்த உப்புநீரையே நிறம் நீக்கி, மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பினால் என்ன? ஆவியாக்கும் செலவும் மிச்சம், உப்பு வாங்கும் செலவும் மிச்சம். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றில் இது நடைமுறைக்கே வந்துவிட்டது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உப்பே இல்லாமல் சாயமேற்றும் ஆராய்ச்சியை நான் ஆவலோடு கவனிக்கிறேன். பருத்தியை முன்கூட்டியே ஒரு ரசாயனத்தில் நனைத்து அதன் மேற்பரப்பை நேர்மின்னேற்றமாக மாற்றிவிட்டால், சாயத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. பட்டறையில் சிக்கல் என்னவென்றால், சாயம் அவசரமாகப் பாய்ந்து ஒட்டுவதால் துணியில் திட்டுத் திட்டாக நிறம் வந்துவிடும். மச்சினர் மாதிரியான மாஸ்டர் ஒருவரும் வேதியியல் படித்த பிள்ளை ஒருவரும் ஒரே தொட்டிக்கு முன்னால் ஆறு மாதம் நின்றால் தீரக்கூடிய பிரச்சினை என்று நினைக்கிறேன். தம்பிக்குத் தலைப்பு வேண்டுமென்றால் இதோ ஒன்று.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு உயிரான மஞ்சளை எடுத்துக்கொள்வோம். ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ‘மஞ்சள் அதைக் குணப்படுத்துகிறது, இதைக் குணப்படுத்துகிறது’ என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை குர்குமின் என்ற பொருளைக் கண்ணாடிக் குழாயில் செல்களின் மேல் ஊற்றிப் பார்த்த சோதனைகள். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதிலும் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர், அதுவரை வந்த ஆய்வுகளையும் 120-க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளையும் வைத்து எழுதினார்கள்: யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் நடத்திய எந்தச் சோதனையிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று. அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் புதிது. குர்குமின் தானே ஒளிரும், கண்டதோடும் வினை புரியும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்வது போலப் பொய்யாகக் காட்டிவிடுமாம். ரசத்தில் மஞ்சள் போடுவதை நான் நிறுத்தவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சள் கேப்சூல் வாங்கிச் சாப்பிட்ட சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘ஆய்வில் தகவல்’ என்றதும் நான் கேட்டுக்கொள்வது இவைதான்: சோதித்தது குழாயிலா, எலியிலா, மனிதர்களிடமா? எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டார்கள்? நிதி யாருடையது? இதில் இரண்டுக்காவது செய்திக்குள்ளேயே பதில் இல்லையென்றால் நான் அதை யாருக்கும் அனுப்புவதில்லை.

அதே மஞ்சளில், உயிர் காத்த ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் டாக்காவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தாரும் தேடிப் போனார்கள். ஈயத்தின் கைரேகை மாதிரியான ஐசோடோப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது கொண்டுபோய் நிறுத்தியது மஞ்சளில். வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன கிழங்கைப் பளிச்சென்று காட்ட, 1980-களில் வியாபாரிகள் லெட் குரோமேட் என்ற, ஈயம் கலந்த மஞ்சள் பெயின்ட்டுப் பொடியைப் பூச ஆரம்பித்திருந்தார்கள்; வழக்கம் நிலைத்துவிட்டது. 2019-ல் கண்டதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்திடம் போனார்கள், பத்திரிகையில் சொன்னார்கள், சந்தையில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அதிகாரிகள் கையடக்கக் கருவியோடு மொத்தக் கடைகளில் சோதித்து அபராதம் போட்டார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம், 2021-ல் பூஜ்யம். பேப்பர் எழுதினதோடு நின்றிருந்தால் அந்த ஊர்க் குழந்தைகள் இன்னமும் ஈயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது: பளபளப்பை மட்டும் பார்த்து விலை போடாதீர்கள். வீட்டுக்கு விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றிச் சமீபத்தில் வந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-ல் முடிவை வெளியிட்டது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆகும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மேற்கத்திய நாடுகளில் வந்த ஆய்வுகள் சொன்னதைவிடக் கூடுதலான ஆபத்து இது. தெர்மாமீட்டர் காட்டும் சூடு மட்டும் கணக்கில்லை. காற்றின் ஈரமும் வேலையின் கடுமையும் சேர்ந்த சூடு. தகரக் கூரைக்குக் கீழே நீராவி இஸ்திரிப் பெட்டி பிடிக்கும் பிள்ளைகளையும், செங்கல் சூளையில் கல் சுமக்கும் பெண்களையும், வெயில் காலத்தில் மஞ்சள் வேகவைக்கும் இடத்தில் நிற்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கூரைக்கு வெள்ளையடிப்பது, மாசமாக இருப்பவர்களை இஸ்திரிப் பக்கமிருந்து செக்கிங்குக்கு மாற்றுவது, மணிக்கொரு தரம் தண்ணீர்: ஒரு கம்பெனிக்கு இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறியது.

பஞ்சாலைத் தூசி நோய் பழைய விஷயம். ஞாயிறு லீவு முடிந்து திங்கள்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுகும், அதுதான் அடையாளம். கழிவுப் பஞ்சில் நூல் எடுக்கும் ஆலைகளில் தூசி இன்னும் கூடுதல். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், எந்தக் கிழமையில் வருகிறது என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சமூக ஆராய்ச்சி என்றால் ‘அது எதற்கு, நமக்குத் தெரியாததா’ என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வருஷம் வந்து தங்கிப் பார்த்தார்கள். பனியன் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஊரில், பட்டியலின மக்கள் பழைய பண்ணைக் கட்டிலிருந்து ஓரளவு வெளியே வந்திருந்தார்கள். விசைத்தறியை நம்பியிருந்த ஊரில் ‘அட்வான்ஸ்’ என்ற பெயரில் கடன் ஆளைக் கட்டிப்போட்டிருந்தது. ஒரு தறிக்காரரிடம் வாங்கியதை அடைக்க இன்னொரு தறிக்காரரிடம் வாங்குவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய தூரமில்லை. ‘தொழில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோமே, எந்தத் தொழில், எந்த ஏற்பாட்டில் என்று பார்க்கச் சொல்கிறது இது. ஊர்ப் பெயர்களை மாற்றித்தான் எழுதினார்கள். பேசினவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாதே. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குறை உண்டு: இதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கினவர் கைக்கு அது தமிழில் வரவில்லை.

கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாமல் இருக்க, தடத்தை ஒட்டி 12 கோபுரங்களில் வெப்பக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்து வனத்துறை 2024-ல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. யானை தடத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குப் போகும். ராத்திரி மூன்று மணிக்குத் திரை முன்னால் கண் அசராமல் உட்கார்ந்திருக்கும் ஆளையும் அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு பாகமாகத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது மாமாவின் காட்டுக்கு வருகிறேன். குச்சிக்கிழங்குக்கென்றே தனியாக ஒரு மாவுப்பூச்சி உண்டு. முன்னே சொன்ன பப்பாளிப் பூச்சி வேறு, இது வேறு. ஆண் பூச்சியே தேவையில்லாமல் பெருகும். ஒரு பூச்சி வந்தால் போதும். 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, கிழங்கை நம்பியிருந்த கோடிக்கணக்கான பேரின் சோற்றில் கை வைத்தது. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டில் அதன் எதிரிக் குளவியைக் கண்டுபிடித்து, 1981-ல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பூச்சி 2020-ல் கேரளாவில் தென்பட்டு, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. அனாகைரஸ் லோபெசி என்ற அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். ஏத்தாப்பூர் ராசிபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான். பராகுவேயில் பிடித்த குளவி நாற்பது வருஷம் சுற்றி உங்கள் மாமாவின் பக்கத்து மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதனால் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். காட்டுக்குள் நடந்து போகும்போது செடியின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். நுனித் தழைகள் கொத்தாகச் சுருண்டு, கணுக்கள் கிட்டக் கிட்ட வந்து, தண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பூச்சிதான். உடனே கடைக்குப் போய் மருந்து வாங்கிவிட வேண்டாம். அந்த நுனியை ஒடித்து, பூச்சி வழியில் உதிராமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஏத்தாப்பூருக்கோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துப் போகட்டும். காய்ந்த மாவுப்பூச்சிகளில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காட்டில் மருந்தே அடிக்கக் கூடாது. ஓட்டை இல்லையென்றால் குளவி எப்போது கிடைக்கும் என்று அங்கே கேட்டுப் பெயர் பதிந்து வைக்கட்டும். அடுத்த நடவுக்குப் பூச்சி இருந்த காட்டிலிருந்து விதைக்குச்சி எடுக்கவே கூடாது. இந்தப் பூச்சி ஊர் விட்டு ஊர் போவதே குச்சியோடுதான். தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போங்க. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போனால், அந்த ஓட்டையை மாமாவுக்கே காட்டலாம்.